பச்சைப் பெட்டியில் இருந்த குண்டுகள்

ஒரே பெட்டியிலிருந்து எடுத்த தோட்டாக்கள் காகிதத்தில் இரண்டு இடங்களில் ஓட்டை போட்டிருந்தன. முதலில் என் தோளைத்தான் சந்தேகப்பட்டேன். அறுபதைத் தாண்டிய தோள், பள்ளிக்கூடச் சமையலறையில் அண்டா தூக்கித் தூக்கி நொந்துபோனது. ஆனால் தோள் நடுங்கினால் ஓட்டைகள் கண்டபடி சிதறியிருக்கும். இவை இரண்டு கூட்டமாகப் பிரிந்து, ஒன்றுக்கொன்று ஒரு கை அகலம் தள்ளி, அழகாகச் சேர்ந்தே இருந்தன.

வேட்டைக்காலம் தொடங்கி ஒரு வாரம் ஆகியிருந்தது. எனக்கு அன்றுதான் விடுப்பு கிடைத்தது. காலையில் நானும் என் கணவர் ஆரினும் எங்கள் பண்ணைக்குப் பின்னால் இருக்கும் பழைய ஜல்லிக் குழிக்கு வந்திருந்தோம். எங்கள் வீட்டில் இதற்கு ஒரு முறை உண்டு. கோடை முழுக்கச் சிவப்புப் பெட்டியில் இருக்கும் தோட்டாக்களைச் சுட்டுப் பழக வேண்டும். மலைக்குப் போவதற்கு முன்னால் பச்சைப் பெட்டியிலிருந்து சிலவற்றைச் சுட்டு, அவை எங்கே படுகின்றன என்று பார்த்துத் துப்பாக்கியைத் திருத்திக்கொள்ள வேண்டும்.

சிவப்புப் பெட்டித் தோட்டாக்களின் முனையில் இருப்பது விலை மலிந்த குண்டு. மெல்லிய செம்புத் தோல், உள்ளே மெத்தென்ற ஈயம். காகிதத்தைத் துளைக்க அது போதும். பச்சைப் பெட்டியில் இருப்பது வேறு. செம்பும் ஈயமும் பிரியாதபடி உருக்கி ஒட்டியது. எல்க் என்கிற பெரிய மலைமான் கடாவின் தோள் எலும்பு ஒரு சுத்தியல் பிடி கனம் இருக்கும். அதை உடைத்துக்கொண்டு முழுசாக நுரையீரல் வரை போக வேண்டுமென்றால் அந்தக் குண்டுதான் வேண்டும். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே உருவம், ஒரே எடை. அதனால் வேட்டைத் தோட்டாக்களின் அடியில் ஆரின் கறுப்பு மையால் ஒரு கோடு போட்டுவிடுவார். "காகிதத்துக்கு ஏது எலும்பு" என்று யாரைப் பார்த்தாலும் சொல்லிக்கொண்டிருப்பார்.

எங்கள் பள்ளத்தாக்கில் பாதிப் பேர் ஆரின் போட்டுக்கொடுத்த தோட்டாவோடுதான் மலையேறுவார்கள். சுட்டு முடித்த பித்தளைக் கூடுகளைக் கொண்டுவந்து கொடுப்பார்கள். அவர் ஒவ்வொருவர் துப்பாக்கிக்கும் ஏற்றபடி வெடிமருந்து அளந்து, குண்டு பொருத்தித் திருப்பித் தருவார். பதிலுக்கு அவர்கள் வைக்கோல் கட்ட வந்து நிற்பார்கள், ஆப்பிள் பலகாரம் சுட்டு அனுப்புவார்கள்.

கடைசியாகச் சுட்ட தோட்டா என் தோளில் ஓங்கி உதைத்தது. வெடித்த கூட்டை வெளியே தள்ளத் துப்பாக்கியின் தாழைத் திறக்கப் போனால் வரவில்லை. உள்ளங்கையால் அடித்துத் திறந்தேன். வெளியே விழுந்த கூட்டின் அடிப்பாகம் ரயில் ஏறிய காசு மாதிரி தட்டையாகியிருந்தது.

"ஆரின், கொஞ்சம் வந்து பாரு இத."

வண்டியின் பின்கதவில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தவர் அசையவில்லை. "காத்து அடிக்குது டெல்லா."

"எங்க அடிக்குது? ஒரு புல்லுகூட அசையல."

"அப்ப நீ விசையப் பிடுங்கியிருப்ப. பள்ளிக்கூடத்துல குழம்புக் கரண்டி இழுக்கிறாப்ல." சிரித்துக்கொண்டேதான் இறங்கி வந்தார். நான் அந்தக் கூட்டை அவர் கையில் வைத்தேன். விரலால் திருப்பிப் பார்த்தார். அவர் முகத்தில் ஒரு பயம் வந்தது. நான் பார்ப்பதற்குள் அதைத் துடைத்துவிட நினைத்தார், முடியவில்லை.

"துப்பாக்கிக்குள்ள எண்ணெய் வழிய விட்டிருக்க. அதான் சிக்குது."

"நேத்து சாயங்காலம் நீதான் தொடச்சு வச்ச."

அவர் கூட்டைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

அந்தக் கோடையில் சில விஷயங்கள் நடந்திருந்தன. ஒரே கத்தியை ஒரே மாலையில் மூன்று தடவை தீட்டினார். பெட்ரோல் வண்டிக்கு டீசல் ஊற்றிவிட்டு, பம்புக்காரர்களைத் திட்டினார். நான் வயசு என்று நினைத்தேன். அப்படி நினைக்கத்தான் விரும்பினேன்.

வீட்டுக்கு வந்து நேராக ஆரின் தோட்டா போடும் பட்டறைக்குள் போனேன். குண்டைக் கழற்றும் சுத்தியல் ஒன்று உண்டு, தோட்டாவை அதற்குள் வைத்துத் தரையில் ஓங்கி அடித்தால் குண்டு தனியே கழன்று வரும். பச்சைப் பெட்டியில் மிச்சமிருந்ததை ஒவ்வொன்றாகக் கழற்றினேன். ஆரின் உள்ளே வராமல் கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். குண்டுகளை இரும்புப் பிடியில் இறுக்கி ரம்பத்தால் நீளவாக்கில் அறுத்தேன். சிலவற்றில் ஈயம் செம்போடு ஒன்றாக ஒட்டிக்கொண்டிருந்தது. சிலவற்றில் நகத்தால் நெம்பியதும் கொட்டைபோலக் கழன்று விழுந்தது. எல்லாவற்றின் கூட்டிலும் கறுப்புக் கோடு இருந்தது. மருந்தைத் தராசில் கொட்டிப் பார்த்தேன். ஒன்றுக்கொன்று ஒத்துவரவில்லை. ஒன்று மிக அதிகம்.

"யாரோ வந்து கலச்சுட்டுப் போயிருக்காங்க," என்றார் ஆரின்.

"யாரு?"

மேஜையைப் பார்த்தார், யாராவது அங்கே உட்கார்ந்திருப்பதுபோல. பிறகு என்னைப் பார்த்தார்.

அப்போதுதான் எனக்கு டெஸ்ஸாவின் நினைப்பு வந்தது. ஹார்லன் எங்கள் பக்கத்துப் பண்ணைக்காரர். ஆரினும் அவரும் பள்ளிக்கூடத்திலிருந்தே ஒருவரையொருவர் திட்டிக்கொண்டு வளர்ந்தவர்கள். ஹார்லனின் மகள் டெஸ்ஸா, கால்நடை மருத்துவரிடம் வேலை பார்க்கிறாள். கல்யாணம் முறிந்து அந்த வருஷம்தான் ஊருக்குத் திரும்பியிருந்தாள். அப்பாவும் மகளும் முந்தின நாள் மாலையே குதிரைகளை ஏற்றிக்கொண்டு லாஸ்ட் மியூல் ஓடைக்குப் போயிருந்தார்கள்.

"டெஸ்ஸாவுக்கு எப்ப போட்டுக் குடுத்த?"

"அவளுக்கா? அது... போன மாசம். இல்ல இல்ல. உன்னோடத போட்டேன்ல, அன்னிக்குத்தான்."

லாஸ்ட் மியூலில் ஃபோன் எடுக்காது. இருந்தும் இரண்டு பேருக்கும் அடித்துப் பார்த்தேன். பிறகு வேட்டைக்குப் போடும் ஆரஞ்சுச் சட்டைகளையும் என் துப்பாக்கியையும் எடுத்து வண்டியில் போட்டேன். "ஏறு," என்றேன்.

வழியில் மெர்வினின் கடையில் நிறுத்தினேன். டெஸ்ஸாவிடம் இருப்பதை வாங்கிக்கொண்டு வேறு தோட்டா கொடுக்க வேண்டும். என் துப்பாக்கிக்கும் அதே அளவுதான். கல்யாணமான நாளிலிருந்து நாங்கள் கடைத் தோட்டா வாங்கியதே இல்லை.

"வாங்க வாங்க!" மெர்வின் கல்லாவுக்குப் பின்னாலிருந்து கத்தினார். "ஆரின் ஹால்வர்சன் கடைத் தோட்டா வாங்குறானா? பொறு, ஃபோட்டோ எடுத்துக்கறேன். சட்டம் போட்டு மாட்டணும் இத."

"என் மச்சினனுக்கு," என்றார் ஆரின். "அவன் ஒரு சோம்பேறி."

"எந்தக் குண்டு வேணும்? நீதான் பிரசங்கம் பண்ணுவியே. பண்ணு, நானும் கேட்டுக்கறேன்."

ஆரின் அலமாரியின் முன்னால் நின்றார். ஒரே அளவுத் தோட்டாவுக்குப் பல பெட்டிகள். கடாவின் படம் போட்டது, முழுச் செம்பு, ஒட்டிய குண்டு, பயிற்சிக்கான மலிவுச் சரக்கு. இதே அலமாரி முன்னால் எத்தனையோ பேரைப் பிடித்து வைத்துக்கொண்டு, இது எலும்பில் உடையும், இது உடையாது என்று மணிக்கணக்காகப் பேசியவர் அவர். அவர் கண் ஒவ்வொரு பெட்டியிலும் போய்ப்போய் நின்றது. கடைசியில் கையை நீட்டிப் பயிற்சிப் பெட்டியை எடுத்தார். என்னிடம் கொடுத்து, "இது நல்லது" என்றார்.

மெர்வினின் சிரிப்பு நின்றுவிட்டது. அவர் என்னைப் பார்த்தார். நான் அந்தப் பெட்டியைத் திரும்ப வைத்துவிட்டு ஒட்டிய குண்டு போட்ட பெட்டியை எடுத்தேன். மெர்வின் அதைப் பையில் போட்டுக் கொடுத்தார். வெளியே வந்ததும் ஆரின் கேட்டார்: "அவன் ஏன் என்னை அப்படிப் பார்த்தான்?"

பாதை தொடங்கும் இடத்தில் ஹார்லனின் வண்டி நின்றது. கணுக்கால் அளவு பனி. குதிரைக் குளம்புத் தடங்களைப் பார்த்துக்கொண்டே ஏறினோம். ஆரின் எனக்கு முன்னால் நடந்தார். மலையில் அவர் நடை மாறவே இல்லை. சமையலறையில் தடுமாறுகிறவர் இங்கே எந்தக் கல்லில் கால் வைப்பது என்று யோசிக்கக்கூட இல்லை.

வெயில் உச்சிக்கு வந்த நேரத்தில் மேலே ஒரு வெடி கேட்டது. கொஞ்சம் இடைவெளி விட்டு இன்னொன்று. இரண்டாவது வேறு மாதிரி கேட்டது. சுள்ளென்று, பலகை பிளந்ததுபோல.

ஆரின் நின்றார். "அது சரியில்ல," என்றார். ஓட ஆரம்பித்தார்.

பழைய காட்டுத்தீயில் எரிந்த வெட்டவெளி ஒன்றின் ஓரத்தில் அவர்களைக் கண்டோம். டெஸ்ஸா பனியில் மண்டியிட்டிருந்தாள். ஹார்லன் தன் கழுத்துத் துணியை அவள் வலது கண்மேல் வைத்து அழுத்திக்கொண்டிருந்தார். கன்னத்தில் ரத்தமும் கரியும் வழிந்திருந்தன. துப்பாக்கி ஒரு கட்டைமேல் கிடந்தது, தாழ் பாதி திறந்து சிக்கியிருந்தது.

"தாழ் வழியா நெருப்பு மூஞ்சில அடிச்சிருச்சு," என்றார் ஹார்லன். நாங்கள் எப்படி அங்கே வந்தோம் என்றுகூடக் கேட்கவில்லை. "டெல்லா, நீ பாரேன்."

நான் துணியை விலக்கிப் பார்த்தேன். இமை கிழிந்திருந்தது. கண் சிவந்து தண்ணீராகக் கொட்டியது. வெளிச்சம் தெரிகிறதா என்று கேட்டேன். தெரிகிறது என்றாள்.

ஆரின் துப்பாக்கியைக் கையில் எடுத்திருந்தார். "தாழ முழுசா மூடாம சுட்டியா டெஸ்ஸா? அவசரத்துல அப்படி ஆகும்."

"டேய், என் பொண்ணு பல்லு முளைச்ச நாள்லேர்ந்து சுடுறா," என்றார் ஹார்லன். "மூடாம சுடுவாளா?"

"இல்ல, அழுக்கு இருந்திருக்கலாம். நான் குடுத்த தோட்டால ஒண்ணும்..."

"இல்ல ஆரின்," என்றேன்.

அவர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் எனக்குள் இருக்கிறது. அதில் கோபம் இல்லை. சொல்லாதே என்று கெஞ்சியது. நாற்பது வருஷமாக ஊரார் முன்னால் நான் அவரை மறுத்துப் பேசியதில்லை. வீட்டுக்குள் எவ்வளவு வேண்டுமானாலும் பேசுவேன், வெளியில் பேசமாட்டேன்.

"தோட்டாலதான் தப்பு, ஹார்லன். என்னோட பெட்டிலயும் அப்படித்தான் இருந்துச்சு. குண்டு மாறியிருக்கு, மருந்து கூடக்கொறச்ச இருக்கு. காலைலதான் தெரிஞ்சுது. அதச் சொல்லத்தான் ஓடிவந்தோம்."

ஹார்லன் மெதுவாக எழுந்தார். "காலைலதான் தெரிஞ்சுதா? அவனுக்கு இப்படி இருக்குன்னு, காலைலதான் தெரிஞ்சுதா?"

நான் துணியை மடித்து டெஸ்ஸாவின் இமைமேல் திரும்ப வைத்தேன்.

"அப்பா," என்றாள் டெஸ்ஸா. "கடா."

"அது கிடக்கட்டும்."

"கிடக்கட்டுமா? ஆன்ட்டி, நான் நல்லாத்தான் சுட்டேன். தோள்ல, சரியான எடத்துல பட்டுச்சு, கண்ணால பார்த்தேன். விழுந்துச்சு. அப்புறம் எழுந்து மூணு கால்ல ஓடுச்சு. அதுக்குத்தான் ரெண்டாவது சுட்டேன், அது எங்க போச்சுன்னே தெரியல." அவள் அழுதாள். கண்ணுக்காக அழவில்லை என்று தெரிந்தது. "யாராச்சும் போங்க அது பின்னால. ப்ளீஸ். ராத்திரி முழுக்க அது கிடந்து சாகும்."

"நாங்க போறோம்," என்றார் ஆரின்.

ஹார்லன் அவர் பக்கம் திரும்பவே இல்லை. மகளைத் தூக்கிக் குதிரையில் உட்காரவைத்தார். டெஸ்ஸாவிடம் இருந்த பச்சைப் பெட்டியை என் கையில் திணித்துவிட்டு, கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு இறங்கினார்.

நாங்கள் இருவரும் தடம் பிடித்துப் போனோம். ரத்தம் குறைவாகத்தான் இருந்தது. புதர்களில் தோள் உயரத்தில் ஒரு தடவல், பனியில் ஒரு சொட்டு, வெள்ளையாக ஒரு எலும்புச் சில்லு. குண்டு நுரையீரல் வரை போயிருந்தால் ரத்தம் நுரையோடு பிரகாசமாக இருக்கும். இது கறுத்த ரத்தம், மேல் காயத்து ரத்தம். குண்டு தோள் எலும்பில் மோதி அங்கேயே பொடிந்துவிட்டது என்று இருவருக்கும் புரிந்தது.

ஒரு ஊற்றுப் பக்கம் தடம் இரண்டாகப் பிரிந்தது. வேறு மான்களும் அந்த வழியாக நடந்திருந்தன. ஆரின் குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்து, மேட்டுப் பக்கம் கண்ணைச் சுருக்கினார்.

"லைல் எங்க? மேல் பக்கமாச் சுத்தி வரச் சொன்னேனே அவன?"

லைல் அவருடைய தம்பி. அவர் இறந்த பிறகுதான் எங்கள் மகனுக்குக் கல்யாணம் ஆகி, பேத்தியும் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியாயிற்று.

"லைல் இல்ல ஆரின். நாம ரெண்டு பேருதான்."

அவர் தன் கையுறையைப் பார்த்தார். "இப்ப நான் லைல்னு சொன்னேனா?"

"சொன்ன."

"அடிக்கடி சொல்றேனா இப்படி?"

"சில நேரம்."

தலையாட்டினார். ஊற்றுத் தண்ணீரை அள்ளி முகத்தில் அடித்துக்கொண்டார். அந்தக் குளிரில் அதைப் பார்க்கவே எனக்கு நடுங்கியது. பிறகு வலது பக்கத் தடத்தைக் காட்டி, "இதான். மூணு கால்தான் அழுந்தியிருக்கு" என்றார். நாலு எட்டு நடந்து திரும்பினார். "உன் துப்பாக்கில கடைத் தோட்டாதான?"

"ஆமா."

"அது எங்க போய்ப் படும்னு நமக்குத் தெரியாது. இங்க சுட்டுப் பார்த்தா அது ஓடிடும். அப்ப ரொம்பக் கிட்டப் போகணும், டெல்லா. உனக்குப் பயமா இருக்கிற அளவுக்குக் கிட்ட."

"நீ சுடேன்."

"வேணாம்," என்றார். "என் கைல குடுக்காத."

வெயில் சாயத் தொடங்கியபோது அதைப் பார்த்தோம். விழுந்த பைன் மரங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்த இடத்தில், இரண்டு மரத்துக்கு நடுவே படுத்திருந்தது. பெரிய கடா. கழுத்து மயிரெல்லாம் கறுத்து, வாயிலிருந்து ஆவி வந்துகொண்டிருந்தது. தலையைத் தூக்கி வைத்திருந்தது. இடது முன்கால் துவண்டு கிடந்தது. ஆரின் என் தோளில் கை வைத்து, காற்று எங்கள் முகத்தில் அடிக்கிற பக்கமாகச் சுற்றி அழைத்துப் போனார். ஒவ்வொரு கட்டையாக ஊர்ந்து போனேன். அதன் மூச்சுச் சத்தம் கேட்கிற தூரத்தில் ஒரு சுள்ளி ஒடிந்தது. கடா எழுந்துவிட்டது.

சுட்டேன். குண்டு நான் நினைத்ததற்குப் பின்னால், வயிற்றில் பட்டது. கடா முதுகை வளைத்துக்கொண்டு ஓர் அடி வைத்தது. தாழை இழுத்து அடுத்த தோட்டாவை ஏற்றினேன். "முன்னால தள்ளிப் பிடி," என்றார் ஆரின், காதுக்குப் பக்கத்தில், மிக அமைதியாக. "ஒரு சாண் முன்னால. இப்ப." மறுபடி சுட்டேன். முன்னங்கால்கள் மடிந்து, கொம்பு ஒரு கட்டையில் மாட்டிக்கொள்ள, அப்படியே சரிந்தது. கண்ணைத் தொட்டுப் பார்த்தேன். அசையவில்லை.

கொன்றவள் நான்தான் என்பதால், சட்டப்படி என் வேட்டை உரிமச் சீட்டைக் கொம்பில் கட்டினேன்.

ஆரின் கத்தியை எடுத்துத் தோல் உரிக்கத் தொடங்கினார். இடது தோளை முதலில் திறந்தார். தோலுக்கு அடியில் ஒரு தட்டளவுக்குச் சதை கூழாகியிருந்தது. எலும்பு சில்லு பெயர்ந்து விரிசல் விட்டிருந்தது, ஆனால் குண்டு அதைத் தாண்டி உள்ளே போகவில்லை. விலா எலும்பில் கீறல்கூட இல்லை. கூழுக்குள் விரலை விட்டுத் துழாவி ஒரு செம்புத் துண்டை எடுத்தார். கிழிந்து விரிந்து, உள்ளே ஈயமே இல்லாமல் வெறும் தோலாக இருந்தது. ஈயம் மிளகுத் தூள்போலச் சதையெங்கும் தெறித்திருந்தது.

அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு ஒரு கட்டையில் உட்கார்ந்துவிட்டார்.

"அந்தப் பொண்ணு சரியாத்தான் சுட்டிருக்கா," என்றார்.

"ஆமா."

"சிவப்புக் குண்டு. நான்தான் போட்டேன். கோடும் நான்தான் போட்டிருக்கேன்." கொஞ்சம் பொறுத்துச் சொன்னார்: "போட்டது ஞாபகமே இல்ல டெல்லா. யாரோ வந்து கலச்சுட்டாங்கன்னு சொன்னேன் பாரு, பொய் சொல்லல. நெஜமாவே அப்படித்தான் தோணுச்சு."

நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். வெளிச்சம் போவதற்குள் இறைச்சியைத் துண்டு போட்டு மரத்தில் உயரத் தொங்கவிட்டோம். கரடிக்குப் பயந்து குடலை மட்டும் தூரமாக இழுத்துப் போட்டோம். வேலையில் அவர் ஒரு இடத்தில்கூடத் தப்புச் செய்யவில்லை.

ஆஸ்பத்திரியில் டெஸ்ஸாவின் கண்ணிலிருந்து ஒரு பித்தளைத் தூளை எடுத்தார்கள். கண் தப்பியது. ஆனால் ஓரத்தில் எல்லாமே ஈரக் கண்ணாடி வழியாகத் தெரிவதுபோல் இருப்பதாகச் சொன்னாள். நாங்கள் ஆஸ்பத்திரிக்குப் போனபோது ஹார்லன் எழுந்து வெளியே போய்விட்டார். இறைச்சி முழுவதையும் அவர்கள் வீட்டுக்கு அனுப்பினேன். மறுநாளே எங்கள் வாசலில் திரும்ப வந்திருந்தது, ஃப்ரீசரில் போட்டு வைத்தேன்.

அதைவிடப் பெரிய கவலை ஒன்று இருந்தது. வேறு யார் யாருக்குத் தோட்டா போட்டுக் கொடுத்தார் என்று ஆரினுக்குச் சொல்லத் தெரியவில்லை. சிலரை நினைவிருந்தது. சிலர் பெயர் வந்தது, பிறகு அது போன வருஷம் என்பார். "பாலத்துக்குப் பக்கத்து வீடு... அவன் பேரு என்ன... தாடி வச்சிருப்பானே." பள்ளத்தாக்கில் தாடி வைக்காதவர்களை எண்ணுவதுதான் சுலபம். நான் எல்லோருக்கும் ஃபோன் போடத் தொடங்கினேன். அவர் ரிசீவரை என் கையிலிருந்து வாங்கி வைத்துவிட்டார்.

"நான் சொல்றேன்," என்றார்.

ஒரு அட்டையில் பெரிய எழுத்தில் அவரே எழுதினார். இந்த வருஷம் நான் போட்டுக் கொடுத்த தோட்டா எதையும் சுடாதீர்கள், எனக்கு ஞாபகம் தப்புகிறது, கொண்டுவந்து கொடுத்துவிடுங்கள், ஆரின் ஹால்வர்சன். மெர்வினின் கடையில் கல்லாவுக்கு மேலே அதை ஒட்டச் சொன்னார். மெர்வின், "ஞாபகம்கிற வரி வேணாமே, ஆரின். சரக்குல கோளாறுன்னு போடுவோம்" என்றார். "இருக்கட்டும்," என்றார் இவர். "இல்லேன்னா பாதிப் பேரு நம்பமாட்டான்."

பெட்டிகள் வந்தன. சிலர் வாசலில் வைத்துவிட்டுப் போனார்கள். சிலர் உள்ளே வந்து உட்கார்ந்து வானிலை பேசினார்கள். ஒருத்தர், ரோலண்ட் என்று பெயர், தரமாட்டேன் என்றார். "ரெண்டு மான் சுட்டாச்சு இதுல. ஒரு குத்தமும் இல்ல. நீயே உன்னக் கெடுத்துக்காத ஆரின்." ஆரின் அவர் வீட்டு வெளிக்கதவைப் பிடித்துக்கொண்டு, பனி கொட்டக் கொட்ட, அந்த மனிதர் அலுத்துப்போய் பெட்டியைத் தூக்கி எறிகிறவரை நின்றார்.

ஒரே ஒரு பெட்டி மட்டும் வரவில்லை. நீல நிற பிக்கப் வண்டி வைத்திருந்த ஒரு பெண்ணுக்குச் சந்தையில் வைத்துக் கொடுத்ததாக அவர் அடித்துச் சொன்னார். அப்படி ஒரு பெண்ணை யாருக்கும் தெரியவில்லை. இருந்தாளா என்பதே தெரியாது. நவம்பர் கடைசியில், நன்றி கூறும் நாள் விருந்துக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை வேட்டைக்காலம் முடிந்தது. அதுவரை மலைப்பக்கம் வெடிச்சத்தம் கேட்ட போதெல்லாம், இரண்டு பேரும் செய்துகொண்டிருந்த வேலையை நிறுத்திவிட்டுக் காது கொடுத்தோம். அடுத்த சத்தம் சுள்ளென்று இல்லாமல் சரியாகக் கேட்டால் மூச்சு விடுவோம்.

டிசம்பரில் மிசூலா நகரத்து ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டர் அம்மா மூளைப் படங்களைக் காட்டி அந்த நோயின் பெயரைச் சொன்னார். திரும்பி வரும் வழியில் அந்தப் பெயரை இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டார் ஆரின். சொன்னேன். பிறகு, "பட்டறைல இருக்கிற வெடிமருந்தையெல்லாம் யார்கிட்டயாவது குடுத்துரு. நான் இல்லாத நேரமாப் பார்த்து எடுத்துட்டுப் போ. இல்லேன்னா சண்டை போடுவேன்" என்றார்.

ஜனவரியில் ஒரு மத்தியானம் கதவைத் தட்டும் சத்தம் கேட்டது. ஹார்லன் நின்றார். என்னைப் பார்க்காமல், "வெடிமருந்து டப்பாவெல்லாம் எடுக்கணும்னு மெர்வின் சொன்னான்" என்றார். "டெஸ்ஸா அந்த இறைச்சி கேட்டா. இருக்கா இன்னும்?"

"அப்படியே இருக்கு."

ஆரின் சமையலறை மேஜையில் உட்கார்ந்திருந்தார். ஹார்லனைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. பிறகு ஏதோ நினைவுக்கு வந்து அந்த மலர்ச்சி அடங்கியது.

"டெஸ்ஸா கண்ணு எப்படி இருக்கு?"

ஹார்லன் நாற்காலியை இழுத்து எதிரில் உட்கார்ந்தார். தொப்பியைக் கழற்றவில்லை. "தேவல. ஓரத்துல கொஞ்சம் மங்கல். வண்டி ஓட்டுறா. போன வாரம் ஒரு பசுவுக்குக் கன்னு எடுத்துக் குடுத்தா, தனியா."

"நல்லாச் சுட்டா அவ. நான் பார்த்தேன். சரியான எடத்துல."

"சொன்னா."

நான் காபி ஊற்றினேன். ஹார்லன் கோப்பையைச் சுற்றிக் கையை வைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்தார். ஏதோ சொல்லத்தான் வந்திருந்தார் என்று எனக்குத் தோன்றியது. அது நல்ல பேச்சாக இருந்திருக்காது. வார்த்தைகளைச் சேர்த்துக்கொண்டிருந்தார். ஆரின் சர்க்கரைக் கிண்ணத்தை அவர் பக்கம் நகர்த்தினார்.

"டெஸ்ஸா கண்ணு எப்படி இருக்கு, ஹார்லன்?"

ஹார்லன் நிமிர்ந்தார். ஆரினை வெகுநேரம் பார்த்தார். பிறகு தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்துக்கொண்டார்.

"தேவல," என்றார். "ஓரத்துல கொஞ்சம் மங்கல். வண்டி ஓட்டுறா. போன வாரம் ஒரு பசுவுக்குக் கன்னு எடுத்துக் குடுத்தா."

"தனியாவா?"

"தனியாத்தான்," என்றார் ஹார்லன். இரண்டு கரண்டி சர்க்கரை போட்டுக் கலக்கத் தொடங்கினார்.